சாணைக்கல்லும் தோல்வாரும்: பாலாற்றங்கரையில் சவரக்கத்தி பழகுவோருக்கு

சவரக்கத்தியின் கூர்மை கல்லில் தொடங்கினாலும், கன்னத்தில் வைக்கத் தகுந்த கூர்மையாக அது முழுமை பெறுவது தோலில்தான் என்பது, கத்தியோடு பழகிய கைகள் நன்கு அறிந்த, புதிதாகக் கத்தி எடுப்போர் பெரும்பாலும் அறியாத செய்தி. சாணைக்கல் எஃகைத் தேய்த்துக் கத்திக்கு வாய் அமைத்துக் கொடுக்கிறது. அந்த வாயில் எஞ்சும் நுண்ணிய பிசிறுகளை நீவி நேராக்கி, ஒவ்வொரு சவரத்துக்கு முன்னும் அதைப் பதத்துக்குக் கொண்டுவரும் வேலையை, நான்கு விரல் அகலமும் ஒரு முழத்துக்குச் சற்றுக் கூடுதலான நீளமும் கொண்ட ஒரு தோல்வார் செய்கிறது. கல்லை ஆண்டுக்குச் சில முறை தேடினால் போதும். வார் இல்லாமல் ஒரு வாரம்கூடக் கத்தி ஒழுங்காக ஓடாது.

இந்தியாவில் தோல் என்றதும் முதலில் நினைவுக்கு வரும் பகுதிகளில் ஒன்று, கர்நாடகத்திலிருந்து இறங்கிவரும் பாலாற்றை ஒட்டி வாணியம்பாடி, ஆம்பூர், வேலூர், மேல்விஷாரம், ராணிப்பேட்டை என்று வரிசையாக அமைந்து, வடக்கே பேர்ணாம்பட்டையும் சேர்த்துக்கொண்ட ஊர்த்தொகுதியாகும். 2019 வரை ஒரே வேலூர் மாவட்டமாக இருந்து, இப்போது வேலூர், திருப்பத்தூர், ராணிப்பேட்டை என மூன்று மாவட்டங்களாகப் பிரிந்து நிற்கும் இந்தப் பகுதியில் பதனிடப்படும் தோல், காலணியாகவும் கைப்பையாகவும் கையுறையாகவும் பல நாடுகளுக்குக் கப்பலேறுகிறது. அதே தோல் கத்தி தீட்டும் வாராகத் தன் ஊரிலேயே ஒரு சுவரில் தொங்குவது அரிதாகிவிட்டது. பாதுகாப்பு ரேசருக்கும் பிளாஸ்டிக் ரேசருக்கும் பழகிய தலைமுறையில் சிலர், குப்பையில் சேராத, ஆயுள் முழுவதும் உழைக்கும் ஒரு கருவியைத் தேடி மடக்குக் கத்தியை நோக்கித் திரும்பும் இக்காலத்தில், தமிழ்நாட்டில் அதைப் பழக விரும்புவோர் கத்தியிலிருந்து தொடங்குவதைக் காட்டிலும் தோலிலிருந்து தொடங்குவதே முறை என்பதை இக்கட்டுரை எடுத்துரைக்க முற்படுகிறது.

கத்தியும் அதன் உருக்கும்

சவரக்கத்தி எனப்படுவது, ஒரே எஃகுத் துண்டில் அடித்துச் செய்த அலகு ஒன்று, எலும்பாலோ கொம்பாலோ மரத்தாலோ ஆன கைப்பிடிக்குள் மடங்கி அமரும்படி அமைந்த கருவியாகும். அலகின் தடித்த மேற்புறம் முதுகு எனவும், வெட்டும் விளிம்பு வாய் எனவும், விரல்கள் பிடிக்கும் குறுகிய பகுதி கழுத்து எனவும், அதன் முடிவில் சுண்டுவிரல் தங்குவதற்காக வளைந்து நிற்கும் நுனி வால் எனவும் வழங்கப்படலாம். முதுகுக்கும் வாய்க்கும் இடையே எஃகு இரு பக்கமும் உட்குழிவாகக் கடைந்தெடுக்கப்பட்டிருக்கும். இந்தக் குழிவு எடையைக் குறைக்க மட்டும் ஏற்பட்டதன்று. கத்தியைக் கல்லில் படுக்க வைத்தால் முதுகும் வாயும் மட்டுமே கல்லைத் தொடும் என்பதால், தீட்டுவோர் கோணம் பார்த்துக் கையை உயர்த்தவோ தாழ்த்தவோ வேண்டியதில்லை. முதுகின் கனமே வாயின் கோணத்தை, ஏறத்தாழ 16 முதல் 17 பாகை வரை, தானாகவே நிர்ணயித்துவிடுகிறது. சமையலறைக் கத்தியைத் தீட்டத் தெரியாதவர்கூடச் சவரக்கத்தியைத் தீட்டப் பழகலாம் என்று சொல்வதற்குக் காரணம் இந்த அமைப்புதான்.

அலகின் எஃகுக்கும் தமிழ் நிலத்துக்கும் பழைய உறவு உண்டு. இரும்பையும் கரிப்பொருளையும் மண்குகையில் இட்டு மூடி உருக்கும் முறையில் தென்னிந்தியாவில் ஆக்கப்பட்ட உயர்கரி எஃகு, ஐரோப்பியரிடையே ‘ஊட்ஸ்’ என்ற பெயரில் வழங்கியது. அப்பெயர் உருக்கு, உக்கு என்னும் திராவிடச் சொற்களோடு தொடர்புடையது என்பது அறிஞர் பலரின் கருத்து. 1790-களில் அந்த எஃகின் மாதிரிகள் லண்டனை அடைந்தபோது, அங்கே அறுவைக் கருவிகள் செய்துவந்த ஜேம்ஸ் ஸ்டோடார்ட் என்னும் கத்திக் கொல்லர் அதன் நயத்தில் மனம் தோய்ந்து, நுண்ணிய வாய் வேண்டிய கருவிகளுக்கு அதையே போற்றினார். பிற்காலத்தில் மின்னியலில் பெரும்புகழ் பெற்ற மைக்கேல் பாரடே, 1820-ஐ ஒட்டிய ஆண்டுகளில் இதே ஸ்டோடார்டுடன் சேர்ந்து இந்திய எஃகின் இயல்பை ஆராய்ந்ததும், தம் சோதனையில் விளைந்த கலப்பு எஃகுகளால் சவரக்கத்திகள் செய்வித்து நண்பர்களுக்குப் பரிசளித்ததும் அறிவியல் வரலாற்றில் பதிவான செய்திகள். 1830-ஐ ஒட்டிப் பறங்கிப்பேட்டையில் இரும்பாலை நிறுவிய ஜோசையா மார்ஷல் ஹீத், எஃகில் மாங்கனீசு சேர்க்கும் முறைக்கு 1839-இல் காப்புரிமை பெற்றார். அம்முறை ஷெபீல்டு நகரத்து எஃகுத் தொழிலுக்குப் பெரும் ஆதாயம் தந்தது. அந்த ஷெபீல்டும் ஜெர்மனியின் சோலிங்கனுமே சவரக்கத்திக்கு உலகப்பெயர் பெற்ற ஊர்கள். ஆகவே, பழைய சவரப் பெட்டி ஒன்றிலிருந்து கிடைக்கும் ஷெபீல்டு முத்திரைக் கத்தியைத் தமிழர் ஒருவர் கையிலெடுக்கும்போது, முற்றிலும் அயலான ஒரு பொருளைத் தொடுகிறார் என்று கருத வேண்டியதில்லை.

அடைப்பம் சுமந்த கைகள்

தமிழில் மழித்தல் என்ற வினை திருக்குறள் காலத்திலேயே வழங்கியது. அவ்வினையைத் தொழிலாகக் கொண்டோரின் கருவிப் பைக்கு அடைப்பம் என்ற தனிப்பெயர் உண்டு. சவரக்கத்தி, தீட்டுக்கல், தோல்வார், கத்தரிக்கோல், நகவெட்டி, சிறு கண்ணாடி, தண்ணீர்க் கிண்ணி ஆகியவற்றைத் தாங்கிய அந்தப் பை வீட்டுத் திண்ணைக்கும் வேப்பமரத்தடிக்கும் வந்துபோன காலத்தில், அதைச் சுமந்தவர் முடி மழிப்பவராக மட்டும் இருக்கவில்லை. கட்டி அறுத்தல், புண்ணுக்கு மருந்திடுதல் முதலியவை அவர் கையிலும், பிள்ளைப்பேறு பார்ப்பது அவர் வீட்டுப் பெண்கள் கையிலும் இருந்தமையால், மருத்துவர், மருத்துவச்சி என்ற பெயர்கள் அச்சமூகத்துக்கு உரியவையாயின. எட்கர் தர்ஸ்டன் 1909-இல் வெளியிட்ட தென்னிந்தியக் குலங்கள், குடிகள் பற்றிய தொகுதிகளிலும் இச்செய்தி விரிவாகப் பதிவாகியுள்ளது. ஒரே கத்தியைத் தாடிக்கும் கட்டிக்கும் பதமாக வைத்திருக்கத் தெரிந்தவரின் அறிவு சாதாரண அறிவன்று.

ஆனால் அந்த அறிவுக்குச் சமூகம் கொடுத்த கூலி இழிவாகவே இருந்தது என்பதை மறைத்துவிட்டுக் கத்தியின் கலையைப் பாராட்டுவது நேர்மையாகாது. முடியைத் தொட்டவரையும் தோலைத் தொட்டவரையும் தீண்டத்தகாதவராகவோ தாழ்ந்தவராகவோ ஒதுக்கி வைத்த ஊர், அவர்களின் பெயரையே வசைச்சொல்லாக்கியது. இன்று மேல்நாட்டு நகரங்களில் பெருவிலைக்கு விற்கப்படும் மடக்குக் கத்திச் சவரத்தை, நம் ஊர்களில் நெல்லுக்கும் பழைய சோற்றுக்கும் செய்துவந்தவர்களின் பிள்ளைகள், அத்தொழிலை விட்டு விலகுவதையே விடுதலையாகக் கருதியதில் வியப்பில்லை. ஆதலால் இக்கலையைப் பொழுதுபோக்காகப் பயில முன்வருவோர், அதை யாரிடமிருந்து பெறுகிறோம் என்ற உணர்வோடும், வயது முதிர்ந்த முடிதிருத்தும் கலைஞரிடம் கற்க வாய்த்தால் அவருக்கு ஆசிரியருக்குரிய மரியாதையும் ஊதியமும் தந்தும் கற்பதே தகும்.

அந்த முதியவர்களின் கையில் தனியாகக் கவனிக்கத் தக்க ஒரு பழக்கம் இருந்தது. தோல்வார் எட்டாத இடத்தில், கத்தியின் அலகைத் தம் உள்ளங்கையிலேயே படியவைத்து, முதுகு முன்னே செல்ல வாய் பின்னே வர, முன்னும் பின்னுமாக நான்கைந்து முறை இழுத்துவிட்டுச் சவரத்தைத் தொடங்குவார்கள். பார்ப்போர் அதைக் கைவீச்சு என்று எண்ணிக் கடந்துவிடலாம். உண்மையில் அது வாரின் வேலையைத்தான் செய்கிறது. பல்லாண்டு உழைத்துக் காய்த்த உள்ளங்கையும் ஒரு தோல்தானே.

1986-க்குப் பின்

மடக்குக் கத்தி வீட்டிலிருந்து விலகியதற்கும் சலூனிலிருந்து விலகியதற்கும் காரணங்கள் வெவ்வேறு. வீட்டில் அதை அகற்றியது அமெரிக்கரான கிங் கேம்ப் ஜில்லெட் 1903-இல் விற்பனைக்குக் கொண்டுவந்த, தீட்டாமல் தூக்கியெறியத் தக்க மெல்லிய பிளேடு. சலூனில் அதை அகற்றியதோ நோயச்சம். அந்த அச்சத்தின் தொடக்கம் வேலூரோடு நேரடியாகத் தொடர்புடையது. 1986-இல் சென்னை மருத்துவக் கல்லூரியின் நுண்ணுயிரியல் பேராசிரியர் சுனிதி சாலமனின் வழிகாட்டலில் அவருடைய மாணவி செல்லப்பன் நிர்மலா திரட்டிய இரத்த மாதிரிகள் வேலூர் கிறித்தவ மருத்துவக் கல்லூரிக்குக் கொண்டுவரப்பட்டுச் சோதிக்கப்பட்டபோதுதான், இந்தியாவில் எச்.ஐ.வி. கிருமி இருப்பது முதன்முதலாகத் தெரியவந்தது. அடுத்து வந்த ஆண்டுகளின் விழிப்புணர்வுப் பரப்புரையில், சலூனுக்குப் போனால் புது பிளேடு போடச் சொல்ல வேண்டும் என்ற அறிவுரை தமிழ்நாட்டின் மூலைமுடுக்கெல்லாம் சென்று சேர்ந்தது.

சவரக்கத்தி வழியாக எச்.ஐ.வி. பரவும் வாய்ப்பு மிகக் குறைவு என்பது மருத்துவ நூல்களின் கருத்து; ஆயினும் கல்லீரலைத் தாக்கும் ஹெபடைட்டிஸ் பி கிருமி உடலுக்கு வெளியே குறைந்தது 7 நாள் உயிர்த்திருக்கக் கூடியது என்பதால், ஒரே கத்தியைப் பலர் முகத்தில் வைக்கும் வழக்கம் ஒழிந்தது எவ்வகையிலும் நன்மையே. இன்று பெரும்பாலான சலூன்களில் காணப்படுவது, பார்வைக்குச் சவரக்கத்தி போன்றிருந்தாலும் உள்ளே மாற்றத்தக்க பிளேடைக் கவ்விக்கொள்ளும் உறை மட்டுமேயான கருவி. கடைக்காரர் புது பிளேடைக் காகித உறையோடு வளைத்துச் சட்டென்று இரண்டாக ஒடித்து, ஒரு பாதியை உறைக்குள் செருகி, மறுபாதியை அடுத்தவருக்கென்று வைப்பது நாள்தோறும் காணும் காட்சி. திருத்தணியிலும் பழனியிலும் முடி காணிக்கை செலுத்துவோரின் தலையில் ஓடுவதும் இவ்வகைக் கருவிதான். அதற்குக் கல்லும் வேண்டாம், வாரும் வேண்டாம். ஆகவே கல்லையும் வாரையும் கையாளும் திறனும் ஒரே தலைமுறையில் தேய்ந்தது. தனக்கென்று ஒரு கத்தி வைத்துத் தன் முகத்தை மட்டும் மழித்துக்கொள்பவருக்கு இந்த நோயச்சம் பொருந்தாது. அந்தக் கத்தியை உடன்பிறந்தவருக்குக்கூட இரவல் தரலாகாது என்ற ஒரே விதியை அவர் காத்தால் போதும்.

எந்தத் தோல்?

வாருக்குரிய தோல் எது என்பதை அறிய, தோல் பதனிடும் இடத்தில் என்ன நடக்கிறது என்பதைச் சற்று நெருங்கிப் பார்க்க வேண்டும். சவரத்துக்கும் பதனிடுதலுக்கும் எதிர்பாராத ஓர் ஒற்றுமை அங்கே காத்திருக்கிறது. உப்பிட்டு வந்த பச்சைத்தோலை நீரில் ஊறவைத்த பின் முதலில் செய்யும் பெரிய வேலை அதன் முடியை நீக்குவதே. மனிதத் தாடியும் மாட்டின் முடியும் ஒரே கெரட்டின் என்னும் புரதத்தால் ஆனவை. அப்புரத இழைகளை இறுகப் பிணைத்திருக்கும் கந்தகப் பிணைப்புகளைச் சுண்ணாம்பும் சோடியம் சல்பைடும் அறுத்துவிடுவதால், சுண்ணாம்புத் தொட்டியில் முடி கூழாகிக் கழன்றுவிடுகிறது. சவரம் செய்பவர் அவ்வளவு தூரம் போக முடியாது. வெந்நீரால் கெரட்டினின் மெல்லிய ஹைட்ரஜன் பிணைப்புகளை மட்டும் தற்காலிகமாகத் தளர்த்துகிறார். இரண்டு மூன்று நிமிடம் நன்கு நனைந்த தாடி, உலர்ந்த தாடியைவிட எளிதில் வெட்டுப்படுவதற்கு அதுவே காரணம்.

முடி நீங்கிய தோலை அழுகாத தோலாக மாற்றும் முதன்மை முறைகள் இரண்டு. பாலாற்றுப் பகுதியிலும் அன்றைய சென்னை மாகாணம் முழுவதிலும் வழங்கிவந்த பழைய முறை, ஆவாரம்பட்டையின் துவர்ப்பைத் தோலுக்குள் ஊறவைத்து, கடுக்காய்ச் சாற்றில் நிறம் தெளிவித்து, புங்கெண்ணெய் முதலியவற்றைத் தடவி உலர்த்துவது. பல வாரம் எடுக்கும் இம்முறையில் ஆன வெளிர்மஞ்சள் தோல், ‘ஈ.ஐ.’ என்று சுருக்கி வழங்கும் கிழக்கிந்தியத் தோல் என்ற பெயரில் பிரிட்டனுக்கு ஏற்றுமதியானது. இராயபுரத்திலிருந்து வாலாஜா சாலை வரை தென்னிந்தியாவின் முதல் இருப்புப்பாதை 1856-இல் திறக்கப்பட்டதும், காடுமேடெங்கும் ஆவாரஞ்செடி மண்டிக்கிடந்ததும், ஆற்றுமணலைத் தோண்டினால் நீர் ஊறியதும், இப்பகுதி முஸ்லிம் வணிகர்களின் ஊக்கமும் சேர்ந்து இத்தொழிலை வளர்த்தன. பின்னாளில் ஆவாரம்பட்டைக்குப் பதிலாக வாட்டில் என்னும் அயல்மரத்தின் பட்டை இடம்பிடித்தாலும் முறை அதுவே.

இரண்டாவது முறை குரோமியம் உப்பால் பதனிடுவது. சென்னையில் ஆல்பிரட் சாட்டர்டன் 1903-ஐ ஒட்டி இதற்கான சோதனைகளைத் தொடங்கியபோது அவர் மனத்தில் இருந்த பயன்களுள் ஒன்று, காலணியைக் காட்டிலும் உழவுக்கு நெருக்கமானது: மாடு பூட்டிக் கிணற்றிலிருந்து நீர் இறைக்கும் கவலைக்கான தோல் சால், நீரிலேயே கிடந்து விரைவில் மக்கிவிடுவதைத் தடுக்கக் குரோமியத் தோல் உதவும் என்று அவர் கருதினார். குரோம்பேட்டை என்ற ஊர்ப்பெயர் அக்காலத்துக் குரோம் தோல் நிறுவனத்தின் நினைவாக நிற்கிறது. வாரக்கணக்கான வேலையை நாள்கணக்கில் முடிக்கும் இம்முறையில் பதனிட்ட ஈரத்தோல் நீலமாக இருப்பதால் தொழிலில் அதற்கு ‘வெட் புளூ’ என்றே பெயர். இன்று ஆம்பூரின் காலணித் தோல் பெரும்பாலும் இவ்வகையே. மென்மை, வளைவு, வெப்பம் தாங்கும் திறன் ஆகியவற்றில் இது பட்டைத்தோலை விஞ்சும்.

இத்தொழிலின் கழிவுநீர் பாலாற்றுக்கும் நிலத்தடி நீருக்கும் இழைத்த தீங்கு, தோலைப் பற்றி எழுதும் எவரும் தாண்டிச் செல்லக் கூடாதது. வேலூர் குடிமக்கள் நல மன்றம் தொடுத்த வழக்கில் உச்சநீதிமன்றம் 1996 ஆகஸ்டு 28 அன்று வழங்கிய தீர்ப்பு, மாசுபடுத்தியவரே ஈடு செலுத்த வேண்டும் என்ற கோட்பாட்டை இந்தியச் சட்டத்தில் ஊன்றியது. பாலாற்று மாசு குறித்து அதே நீதிமன்றம் 2025 ஜனவரியில் மீண்டும் ஒரு விரிவான தீர்ப்பு வழங்க நேர்ந்ததே, புண் இன்னும் ஆறவில்லை என்பதைக் காட்டுகிறது. பட்டைத்தோல் என்றால் மாசே இல்லை என்று எண்ணுவதும் பிழை. பச்சைத்தோலைக் காக்கச் சேர்த்த உப்பு எந்த முறையிலும் நீரில்தான் கரைகிறது. அந்த நீரைக் குடித்தும் அதில் பயிரிட்டும் வாழ வேண்டியவர்கள் அக்கரையிலும் இக்கரையிலும் இருக்கிறார்கள்.

வாருக்கு உகந்தது பட்டைத்தோலே என்பது கத்தி பழகியோர் பெரும்பாலோரின் முடிவு. அது இறுக்கமானது, இழுத்துப் பிடித்தால் எளிதில் நீளாது, கத்தி ஓடும்போது மெல்லிய எதிர்ப்பைத் தரும். இந்த எதிர்ப்பை இழுவை என்று சொல்லலாம். எஃகு தோலைத் தொடுகிறதா என்பதைக் கைக்குத் தெரிவிப்பது அதுவே. காலணிக்கென்று ஆன தோலின் மேல் நிறப்பூச்சும் பளபளப்புப் பூச்சும் ஏற்றப்பட்டிருக்குமாகையால், ஆம்பூர்க் கடையில் கண்ணைப் பறிக்கும் தோலை வாங்கி வாராக்குபவர் உண்மையில் தோலில் தீட்டுவதில்லை, பூச்சில் தீட்டுகிறார். பட்டைத்தோல் திருச்சி, திண்டுக்கல் பகுதிகளில் இன்றும் பதனிடப்படுகிறது. கிழக்கிந்தியத் தோலுக்குப் புவிசார் குறியீடும் உண்டு. சென்னைப் பெரியமேட்டுத் தோல் கடைகளிலும் கேட்டுப் பார்க்கலாம். கேட்கும்போது பூச்சற்ற மாட்டுத்தோல் அல்லது எருமைத்தோல், சுமார் 3 மில்லிமீட்டர் கனம், வயிற்றுப் பகுதி வேண்டாம், முதுகுப் பகுதி என்று தெளிவாகச் சொல்ல வேண்டும். வயிற்றுத்தோல் நெகிழ்ந்து நீளும். வெட்டிய ஓரத்தைப் பார்த்தாலே வகை தெரியும்: உள்ளே நீலச்சாம்பல் நிறம் ஓடினால் குரோமியம், மேலிருந்து கீழ்வரை பழுப்பாக இருந்தால் பட்டை.

தீட்டவும் மழிக்கவும்

2020-இல் அமெரிக்காவின் எம்.ஐ.டி. ஆய்வாளர்கள் ‘சயின்ஸ்’ இதழில் வெளியிட்ட ஆய்வு, எஃகைவிட ஏறத்தாழ 50 மடங்கு மென்மையான முடி, எஃகின் வாயை எப்படிச் சிதைக்கிறது என்ற கேள்விக்கு விடை கண்டது. வாயின் எஃகு எங்கும் ஒரே தன்மையாக இல்லாமல் திண்மை மாறி மாறி அமைந்திருக்கும் இடத்தில், வளைந்து சாயும் முடி பக்கவாட்டில் அழுத்தும்போது நுண்ணிய சில்லுகள் தெறிக்கின்றன என்பதே அவ்விடை. தேய்வதைக் காட்டிலும் சில்லுதிர்வதே கத்தி மழுங்குவதற்குப் பெருங்காரணம் என்றால், ஒவ்வொரு சவரத்துக்கு முன்னும் வாயை நேராக்கித் துப்புரவாக்கும் வாரின் பயன் விளங்கும்.

தொடங்குவோருக்கு நுனி வட்டமாக முடிந்த, 5/8 அங்குல அகல அலகு ஏற்றது. கூர்நுனிக் கத்தி காதோரத்தைக் கீறிவிடும். முதல் கத்தியைத் தீட்டித் தயார்நிலையில் வாங்குவதே அறிவுடைமை. கல்வேலை, வாய் அமைக்க 1000 எண் சாணைக்கல்லில் தொடங்கி 12000 எண் வரை நுண்மையாகிச் செல்லும் தனிப்படிப்பு. கூர்மை எப்படியிருக்கும் என்பதையே அறியாதவர் அதை உண்டாக்க முயன்றால் மனந்தளர்வார்.

தீட்டும் முறை எளிதாகத் தோன்றும், ஆனால் கை அதற்குப் பணிவதற்குச் சில வாரம் ஆகும். வாரின் ஒரு முனையை ஜன்னல் கம்பியில் மாட்டி, மறுமுனையை இடக்கையால் தொய்வில்லாமல் இழுத்துப் பிடிக்க வேண்டும். தொய்ந்த வாரில் தோல் வாயைச் சுற்றி வளைந்து அதை உருட்டிவிடும். கத்தியின் முதுகும் வாயும் ஒருசேரத் தோலில் படியும்படி வைத்து, முதுகு முன்னே செல்ல, வாய் பின்னே இழுபட்டு வர, முனைவரை கொண்டுசெல்வது பாதி. அங்கே கத்தியைத் தூக்காமல், முதுகின் மேலேயே பெருவிரலாலும் சுட்டுவிரலாலும் கழுத்தை உருட்டி, மறுபக்கம் படியவைத்துத் திரும்புவது மீதிப் பாதி. புதியவர் தவறும் இடம் இந்தத் திருப்பம்தான்: முதுகு படியுமுன் வாய் தோலைத் தொட்டுவிட்டால் வாரில் பிறைவடிவ வெட்டு விழும். ஆகவே முதல் வாராக விலைகுறைந்த தோலையே வைத்துக்கொள்வது நல்லது. முதலில் கான்வாஸ் துணிப்பட்டையில் 20 முறையும் பிறகு தோலில் 50 முறையும் போய்வருவது பொதுவான அளவு, வேகம் பயனற்றது. முதுகும் வாயும் சமமாகப் படிந்திருந்தால் தோலிலிருந்து ஒரே சீரான ஓசை எழும். நடுவில் ஓசை மாறினால் கை சாய்ந்திருக்கிறது என்று பொருள். பச்சை நிறக் குரோமியம் ஆக்சைடு பசை தடவிய வார் வாயைச் சற்றே அரைத்துக் கூராக்கும். நாள்தோறும் தீட்டும் வாரில் அதைத் தடவிவிடக் கூடாது.

சவரத்தைக் குளித்தபின் தொடங்குவது நலம். தூரிகையால் சோப்பு நுரையை நன்கு குழைத்துத் தடவி, கழுத்தின் மேல் மூன்று விரலும் வாலில் சுண்டுவிரலும் அமரக் கத்தியைப் பிடித்து, முகத்தோலோடு ஏறத்தாழ 30 பாகைச் சாய்வில் வைக்க வேண்டும். மற்றக் கையால் தோலை இறுக இழுத்துப் பிடிப்பது பாதி வேலை. கத்தியின் எடை போதும். அழுத்தம் தேவையே இல்லை. வாயின் நீளவாக்கில் அது ஒருபோதும் நகரலாகாது. காய்கறி நறுக்கும் அந்த அசைவே முகத்தில் வெட்டை உண்டாக்குவது. முதல் வாரம் இரண்டு கன்னங்களை மட்டும் முடி படிந்த போக்கிலேயே மழித்து, மோவாயையும் மேலுதட்டையும் பழைய ரேசரிடம் விட்டுவிடலாம். கழுத்தில் முடி வளரும் திசை ஆளுக்கு ஆள் வேறுபடுமாகையால், உலர்ந்த தாடியை விரலால் தடவி அதை முன்னமே அறிந்துகொள்ள வேண்டும். கத்தி முடியைப் பிடுங்கினால் அழுத்தத்தைக் கூட்டாமல் வாருக்குத் திரும்புவதே விதி. இரத்தம் உறையாமைக்கு மருந்து உண்போரும், புண் ஆறத் தாமதமாகும் நீரிழிவு உடையோரும் மருத்துவரைக் கேளாமல் இதில் இறங்கலாகாது.

முடித்தபின் முகத்தைத் தண்ணீரால் கழுவி, நனைத்த படிகாரக் கல்லைத் தடவினால், எரிச்சல் எழும் இடங்கள் கை எங்கே தவறியது என்பதை அன்றைக்கே சொல்லிவிடும். கத்தியைத் துணியால் ஒற்றி, கீல் இடுக்கில் ஈரம் தங்காமல் உலர்த்தி, வாயைத் தொடாமல் ஒரு துளி எண்ணெய் தடவி மடிக்க வேண்டும். கரி எஃகு துரு ஏறுவதற்கு ஓர் இரவு போதும்.

வாருக்கோ எண்ணெய் அதிகம் வேண்டாம். ஒவ்வொரு நாளும் தீட்டுமுன் உலர்ந்த உள்ளங்கையால் அதை மேலும் கீழும் பத்துப் பன்னிரண்டு முறை அழுத்தி நீவினால், தூசி போகும். கையின் வெம்மையும் பிசுக்கும் தோலுக்குள் இறங்கும். புதிதாக வாங்கியபோது வெளிர்மஞ்சளாகவும் சற்றே சொரசொரப்பாகவும் இருந்த பட்டைத்தோல், மாதங்கள் செல்லச் செல்ல, உள்ளங்கை ஓடும் நடுப்பட்டையில் மட்டும் புளியங்கொட்டை நிறத்துக்குக் கறுத்து, ஓரங்களில் பழைய நிறத்தோடே நிற்கும். கத்தியின் இழுவையும் அந்தக் கறுத்த பட்டையில்தான் முதலில் சீராகும்.